விசிலையும் கொண்டு வாங்க

நவம்பர் 9, ஞாயிறு

ஜூனில் உடற்கல்வி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பாடக்குறிப்பு எழுதும் வேலை இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கூட்டுறவு வங்கியில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி வெள்ளையாகவே கிடந்தது. பால்கணக்கு கூட யாரும் எழுதவில்லை. எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, கபடி விடவில்லை. இன்று வடுவூரில் மாவட்டப் பெண்கள் லீக் ஆட்டம். நான் தலைமை நடுவர், எதிர்ப்பக்கம் ஆரோக்கியராஜ் துணை நடுவர். கல்லூரி அணியில் இலக்கியா என்று ஒரு பெண். கெட்டிக்காரி. தொட்டுவிட்டால் போதும், ஒரே சுழற்சியில் திரும்பி, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாய்வாள். பிடிக்க வருகிறவர்களுக்கு அவள் சட்டை நம்பர்தான் மிஞ்சும்.

இன்று அப்படித் திரும்பும்போது, 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாட வேண்டிய பாட்டை விட்டுவிட்டாள். எதிரணிக் களத்தில் பாட்டு நின்றால் அவுட். விசில் ஊதினேன்.

"பாடிக்கிட்டேதான் டீச்சர் வந்தேன்" என்று கையை விரித்தாள். நடுவரிடம் வாக்குவாதம் செய்தால் என்ன நடக்கும் என்று பச்சை அட்டையைக் காட்டிப் புரியவைத்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தொண்டையே இல்லை. நாங்கள் பாடினால் அடுத்த தெருவில் நாய் எழுந்திருக்கும். ஆரோக்கியராஜ் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

குக்கரில் பருப்பு கருகிவிட்டது. விசில் வரவே இல்லை. கேஸ்கட் போய்விட்டது போலிருக்கிறது. சாயங்காலம் பாத்திரக்கடைக்குப் போய்ப் புது கேஸ்கட் வாங்கினேன். கடைக்காரர் பழையதைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தானே டீச்சர் இருக்கு" என்றார். விற்க வந்தவருக்கு வாயைப் பார்.

இவர் இரண்டு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கச் சொல்கிறார். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பரீட்சையாம்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் கல்லூரி அணி. மறுபடியும் இலக்கியா. மறுபடியும் அதே சுழற்சி, அதே இடத்தில் பாட்டு போனது, அவுட் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் வாக்குவாதம் செய்யவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய் முட்டிப் பட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பச்சை அட்டைக்கு பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பயந்த பெண் அப்படிப் பார்க்க மாட்டாள்.

ஆட்டம் முடிந்து சங்கச் செயலாளர் காத்தமுத்து தனியாக அழைத்தார். காணும் பொங்கலுக்கு மன்னார்குடியில் மாநில அளவில் பெண்கள் கபடி நடத்துகிறார்கள். இறுதி ஆட்டத்துக்கு நான்தான் தலைமை நடுவர் என்று போன மாதமே முடிவானது. அதைப் பற்றிப் பேசத்தான் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். அந்தப் பக்கக் கோட்டிலிருந்து யாரோ எடுத்தது. இலக்கியா பாய்ந்து வருகிறாள், நான் விசில் ஊதுகிறேன்.

"கேக்குதா டீச்சர்?"

"வீடியோவுல சத்தமே வரலையே" என்றேன்.

காத்தமுத்து போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார். பிறகு, "பொங்கலுக்கு நீங்கதான் நிக்கணும் டீச்சர். எனக்கு வேற ஆளு வேணாம். அதுக்குள்ள ஒரு நல்ல காது டாக்டரா பாத்துட்டு வாங்க. சரியாகலைன்னா அப்ப யோசிப்போம்" என்றார்.

அப்ப யோசிப்போம் என்றால் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் உட்கார்ந்து பொன்னாடை வாங்கு என்று அர்த்தம். நானா? பார்க்கலாம்.

நவம்பர் 20, வியாழன்

தஞ்சாவூர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காது மிஷின் கடை. ஏசி, சோபா, டை கட்டிய பையன், உட்கார்ந்ததும் காபி. காபி நன்றாக இருந்தது.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். வெளியே பேருந்து ஹாரன் உள்ளே வரை வந்தது. இருந்தாலும் நான் ஒன்றைக் கூட விடவில்லை. "பரவால்லம்மா, ரொம்பச் சின்னக் குறைதான்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில் தெரியாத குட்டி மிஷின் ஒன்றை எடுத்து வைத்து, இன்றைக்கு மட்டும் ஒரு காதுக்கு வாங்கினால் மறுகாதுக்குப் பாதி விலை என்றார். ஆடித் தள்ளுபடியில் ஜாக்கெட் துணி வாங்குவது போல இருந்தது.

"தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ஆசிரியைக்கு இந்தக் கேள்வி தானாக வரும்.

"கம்பெனியில ட்ரெய்னிங் குடுத்தாங்கம்மா."

"இதுக்குன்னு தனிப் படிப்பு இருக்காமே. பதிவு எண்ணெல்லாம் உண்டாமே."

"அந்த மேடம் சனிக்கிழமை மட்டும் வருவாங்க."

எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் இவர், "நீ சத்தத்தயா கேட்ட? அந்தப் பையன் பொத்தான அமுக்கறப்ப தோளு அசையிறதப் பாத்துப் பாத்துல்ல வெரலத் தூக்கின" என்றார். நடுவர் கண் அப்படித்தான் இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

நவம்பர் 22, சனி

நாளைய ஆட்டத்துக்கு வரமுடியாது என்று காத்தமுத்துவிடம் போனில் சொன்னேன். முட்டி வலி. குளிர்காலத்தில் எனக்கு முட்டி வலிக்கும். எப்போதாவது வலிக்கும்.

நவம்பர் 27, வியாழன்

திருச்சி, பெரிய மருத்துவமனை. காலையில் போய் மதியம்தான் கூப்பிட்டார்கள். குறை சொல்ல முடியாது, சத்தமே புகாத அறை, படித்த ஆட்கள், சுத்தமான வேலை. இந்தத் தடவை எதிரே ஆள் இல்லை, சுவர்தான். எத்தனை விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் என்னைச் சோதித்த நிபுணர் படம் போட்ட காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இவரைப் பார்த்து, "அம்மாவுக்கு எவ்வளவு நாளா கேக்கல?" என்றார்.

"அம்மாவுக்கு வாய் இருக்கு" என்றேன்.

அவர் சங்கடப்பட்டு என் பக்கம் திரும்பினார். நடுத்தரக் குறைபாடு, வலது காதில் அதிகம், இரண்டுக்கும் மிஷின் வேண்டும், இந்த மாடல் எல்லாவற்றையும் தானாகவே சரி செய்துகொள்ளும் என்றார். நான் சுருக்கமாக வேலையைச் சொன்னேன். கபடி, பாட்டு, கூட்டம், நடுவர். அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. "இந்த வயசுல கபடியாம்மா? வீட்ல பேரன் பேத்தி பேசறது நல்லாக் கேக்கும், கவலப்படாதீங்க."

எனக்குப் பேரனும் இல்லை பேத்தியும் இல்லை. காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

முட்டி வலி. ஆட்டத்துக்குப் போகவில்லை. மதியம் ஆரோக்கியராஜ் வீட்டுக்கு வந்தார். கல்லூரி அணி ஜெயித்ததாம். இலக்கியா தனியாகவே பாதிப் புள்ளி எடுத்தாளாம். பாட்டு விட்டாளா என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போகும்போது வாசலில் நின்று, "எங்கம்மாவுக்குக் கூத்தாநல்லூர்ல ஒரு பொண்ணு மிஷின் வெச்சுச்சு டீச்சர். நாலு தடவ வரச் சொல்லி, திருப்பித் திருப்பிச் சரி பண்ணிக் குடுத்துச்சு. இப்ப நான் அடுப்படியில முணுமுணுக்கறதெல்லாம் கேட்டு அம்மா கூடத்துலேருந்து திட்டுது" என்றார்.

டிசம்பர் 3, புதன்

கூத்தாநல்லூர். உரக்கடை மாடி. சோபா இல்லை, காபி இல்லை. சுவரில் பட்டமும் பதிவுச் சான்றும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பதிவு எண்ணை நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "தேதியும் பாத்துக்குங்க, இந்த வருஷம்தான் புதுப்பிச்சேன்" என்றார் அந்தப் பெண். பெயர் ஷாகிரா பானு. முப்பது, முப்பத்திரண்டு இருக்கும்.

"எந்த ஸ்கூல்மா? என்ன வெளையாட்டு?" என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

"வெளையாட்டா? எங்க பி.டி. பீரியட எல்லாம் கணக்கு டீச்சர் வாங்கிக்குவாங்க டீச்சர்."

வந்த கோபத்துக்கு அந்தக் கணக்கு டீச்சர் யாரென்று கேட்டிருப்பேன். இவர் என் கையைத் தொட்டார்.

காதில் விளக்கடித்துப் பார்த்தார். சீழ் வருமா, தலை சுற்றுமா, திடீரென்று கேட்காமல் போனதா என்று வரிசையாகக் கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் அனுப்புவாராம். இல்லை என்றேன். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒங்களுக்கு எந்தச் சத்தம் கேக்கணும் டீச்சர்?"

இரண்டு ஊர் சுற்றிவிட்டேன், இதை ஒருவரும் கேட்கவில்லை. சொன்னேன். சிரிக்கவில்லை. நடுவர் எங்கே நிற்பார், பாடுகிறவள் எவ்வளவு தூரத்தில் இருப்பாள், கூட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் காகிதத்தில் களம் வரைந்துகொண்டார். களத்தின் இரு ஓரமும் வரும் லாபிப் பட்டையை மறந்துவிட்டார், நான் போட்டுக் காட்டினேன்.

சோதனை அறையில் அவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். முடிந்ததும் படத்தை எனக்கு விளக்கினார், இவருக்கு இல்லை. "கனத்த சத்தம் ஒங்களுக்கு நல்லாக் கேக்குது. மெல்லிசான சத்தம்தான் போயிருச்சு. க, ப, டி மூணுலயும் அடிச்சு வர்ற சத்தம் கேக்கல, நடுவுல இருக்கற இழுவ மட்டும் கேக்குது. அது கூட்டத்து இரைச்சலோட கலந்துட்டா பிரிக்க முடியாது."

"வயசாயிடுச்சுங்கறீங்க."

"வயசும் இருக்கு. முப்பது வருஷம் காதுக்குப் பக்கத்துல விசில் ஊதிருக்கீங்களே, அதுவும் சேந்திருக்கலாம்."

என் விசில் என் காதைத் தின்றிருக்கிறது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாடுவது எனக்குக் கேட்கிறது, சோதித்துப் பாருங்கள் என்றேன். "சரி, எப்புடிப் பாடணும்னு சொல்லிக் குடுங்க" என்றார். சொல்லிக் கொடுத்தேன். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, போனில் திருவிழாக் கூட்டச் சத்தத்தை ஓடவிட்டு, அறையின் அந்தக் கோடியில் நின்று பாடினார். மூச்சுப் பயிற்சி சுத்தமாக இல்லை. அவர் நிறுத்திய போதெல்லாம் சரியாகக் கையைத் தூக்கினேன். எப்படி என்பது போல இவரைப் பார்த்தேன்.

அடுத்து ஒரு காகிதத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

கையைத் தூக்கினேன். காகிதத்தை இறக்கினார். உதடு அசைந்துகொண்டிருந்தது, பாடிக்கொண்டேதான் இருந்தார். மறுபடியும் செய்தோம். மறுபடியும் தூக்கினேன், மறுபடியும் பாடிக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது தடவை அவசரப்படக் கூடாது என்று காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். காகிதம் இறங்கியபோது அவர் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

 எனக்கு நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாபகம் வந்தது. பதினாறாம் தேதியும் வந்தது. அதற்கு மேல் இன்று எழுதவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

மழை. துணி காயவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

முப்பது வருஷம் அணி தேர்ந்தெடுத்தவள் நான். நன்றாகக் குதிப்பவளை எடுக்க மாட்டேன், விழுந்தால் எழுந்து வருகிறவளை எடுப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் எடுத்தேன்.

ஷாகிராவிடம் நேராகக் கேட்டேன். "இத மாட்டினா எனக்குப் பழைய மாதிரி கேக்குமா?"

"கேக்காது டீச்சர். பழைய காது வராது. ஒங்க வேலைக்கு இது போதுமான்னு நாம ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும். போதலன்னா போதலன்னு சொல்லிருவேன். மிஷின விக்கறதுக்காகப் போதும்னு சொல்ல மாட்டேன்."

தஞ்சாவூரில் சின்னக் குறை என்றார்கள். திருச்சியில் தானாகச் சரியாகும் என்றார்கள். கேட்காது என்று முகத்துக்கு நேரே சொன்னவரிடம்தான் காதைக் கொடுக்க முடியும். முதலில் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஷாகிரா இவரிடமும் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல இவங்ககிட்ட எந்தப் பக்கம் நின்னு பேசுவீங்க சார்?"

"எடது பக்கம். அஞ்சாறு வருஷமா அப்புடித்தான். அந்தப் பக்கம்தான் கொஞ்சம் கேக்கும்."

தெருவில் என்னை வண்டிப் பக்கம் தள்ளிவிட்டு இவர் கடைப் பக்கமாக நடக்கிறார், வேடிக்கை பார்க்கத்தான் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மனுஷன்.

படியிறங்கும்போது ஷாகிரா மேலிருந்து கூப்பிட்டார். "டீச்சர், புதன்கிழமை வரும்போது விசிலையும் கொண்டு வாங்க."

டிசம்பர் 10, புதன்

மிஷின் மாட்டியாகிவிட்டது. காதுக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, மிஷின் போட்ட பிறகு உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று அளந்தார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இப்படி அளப்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

பிறகு விசிலை ஊதச் சொன்னார். ஊதினேன். தலைக்குள் குக்கர் வெடித்தது போல இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, "இதுக்குத்தான் கொண்டு வரச் சொன்னேன்" என்று கம்ப்யூட்டரில் ஏதோ குறைத்தார். மறுபடி ஊது, மறுபடி குறை. கீழே உரக்கடைக்காரர் ரயில் வந்துவிட்டதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

டிசம்பர் 13, சனி

உலகம் இவ்வளவு சத்தமாகவா இருந்தது? ஃப்ரிட்ஜ் முனகுகிறது. என் புடவை சரசரக்கிறது. அப்பளம் தின்றால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. குக்கர் விசில் கேட்கிறது. கேஸ்கட்டை மாற்றியதால் என்று இவரிடம் சொன்னேன். "ஆமாமா" என்றார். கூடவே ஏதோ முணுமுணுத்தார். அதுவும் கேட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு

மிஷினோடு போய், கூட்டத்தோடு நின்று ஆட்டம் பார்த்தேன். உருப்படவில்லை. பாட ஆரம்பித்ததும் நன்றாகக் கேட்கிறது. சில நொடிகளில் பாட்டு தேய்ந்து தேய்ந்து மறைந்துவிடுகிறது. பாடுகிறவள் எதிரில் வாயசைத்துக்கொண்டிருக்கிறாள், என் காதில் ஒன்றும் இல்லை. அப்படியே கழற்றிப் பையில் போட்டேன்.

பொங்கலுக்கு நாள் இல்லை. இன்று அழுகை வந்தது. அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் 22, திங்கள்

காலை முதல் பேருந்தில் கூத்தாநல்லூர். கத்தினேன். எவ்வளவு கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

நான் முடிக்கும்வரை ஷாகிரா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "என் தப்பு டீச்சர்" என்றார்.  "ஒரே மாதிரி விடாம வர்ற சத்தத்த எரைச்சல்னு நெனச்சு அமுக்கற மாதிரி மிஷின்ல ஒரு ஏற்பாடு இருக்கு. ஃபேன் சத்தம், வண்டிச் சத்தத்துக்கெல்லாம் நல்லது. பாட்டும் ஒரே வார்த்த, ஒரே வேகம், விடாம வருது. அதையும் சேத்து அமுக்கிருச்சு. இங்க ரூம்ல உக்காந்துக்கிட்டு எனக்கு அது தெரியல."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் எங்க?"

"வடுவூர்ல. பயிற்சிதான்."

"நான் வர்றேன்."

டிசம்பர் 28, ஞாயிறு

கபடி மைதானத்துக்கு மடிக்கணினியோடு வந்த முதல் ஆள் ஷாகிராதான். குடையைப் பிடித்துக்கொண்டு பக்கக் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். புழுதியில் அவர் செருப்பு காணாமல் போனது. மாற்றுவார், நான் போய் நிற்பேன், திரும்பி வருவேன், மறுபடி மாற்றுவார். நானே ஒரு பொத்தானை அழுத்தி ஆட்ட நேரத்துக்குத் தனியாக மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்றை வைத்துக் கொடுத்தார். இரைச்சலை அமுக்கும் வேலை அதில் கிடையாது.

பாடிக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார் ஷாகிரா. கல்லூரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இலக்கியா எழுந்து வந்தாள். என் காதைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். ஷாகிராவைப் பார்த்தாள். 

"எப்புடி வரணும் டீச்சர்?"

"எப்பவும் வர்ற மாதிரியே வா" என்றேன்.

வந்தாள். சுழன்றாள். முதுகு திரும்பியது. கபடி கபடி கபடி என்று கோடு தாண்டும் வரை வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், ஊதுவதற்கு ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவ வரவா?"

"வா."

இந்தத் தடவை வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்துப் பாடினாள். கேட்டது. அடுத்த தடவை பாதியில் நிறுத்தினாள், முதுகைக் காட்டிக்கொண்டு. ஊதினேன். திரும்பிப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள். அந்தப் பெண் என்னைச் சோதித்தாள். அவளுக்கு இல்லாத உரிமையா?

கூட்டம் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஷாகிராவும் தெரியாது என்றுதான் சொன்னார். காத்தமுத்துவிடம் சொல்லி, இரண்டு அணிப் பெண்களையும் கோட்டைச் சுற்றி நிறுத்திக் கத்தச் சொன்னோம். உற்சாகமாகக் கத்தினார்கள். கேட்டது. எல்லாத் தடவையும் இல்லை. கூட்டம் உச்சத்துக்குப் போனபோது ஒரு தடவை தவறவிட்டேன். நடுக்கோட்டை ஒட்டி ஓரெட்டு முன்னால் நின்று, இடது காதைக் கொடுத்துக் கேட்டேன். கேட்டது.

"இப்ப சொல்லுங்க. போதுமா போதாதா?" என்றேன்.

ஷாகிரா யோசித்தார். "நிக்கிற எடத்த மாத்தாம இருந்தா போதும் டீச்சர்."

ஜனவரி 2, வெள்ளி

புது டைரி வந்துவிட்டது. இதில் இன்னும் பக்கம் இருக்கிறது, இதையே முடிப்போம்.

காத்தமுத்துவின் கடைக்குப் போய் மிஷினைக் காட்டினேன். எங்கே நிற்பேன், ஏன் நிற்பேன் என்று சொன்னேன். முட்டி வலி பொய் என்றும் சொன்னேன். "முட்டி வலின்னு சொன்னன்னைக்கு நீங்க கடத்தெருவுல எட்டி நடந்து போனீங்க டீச்சர்" என்றார். இறுதி ஆட்டம் எனக்குத்தான்.

வரும்போது இவர் வண்டிப் பக்கமாக நடந்தார்.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

நடந்ததை வரிசை மாறாமல் ஒழுங்காக எழுதுகிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தது வெளிமாவட்ட அணி ஒன்றும் நம் கல்லூரி அணியும். ஊரே மைதானத்தில். பந்தல் மூங்கிலில் எல்லாம் ஆள் தொங்கினார்கள். ஷாகிரா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, சொன்ன இடத்தில் நின்றேன்.

ஆட்டம் முழுக்கக் கேட்டது. எனக்குச் சந்தேகம் வந்த இடத்தில் ஆரோக்கியராஜைப் பார்த்தேன், அவர் ஷூ கயிறு கட்டாமல் நேராகக் கையைக் காட்டினார்.

கடைசியாகப் பாடிப்போகும் வாய்ப்பு. நம் அணி ஒரு புள்ளி பின்னால். இலக்கியா உள்ளே போனாள். கூட்டம் எழுந்து நின்றது. ஒருத்தியைத் தொட்டாள், தட்டிவிட்டு வரும்போது இன்னொருத்தியையும் தொட்டாள். கோட்டுக்குத் திரும்பிவிட்டால் இரண்டு புள்ளி, கோப்பை. சுழன்றாள், முதுகு திரும்பியது. ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்தாள், அவளையும் இழுத்துக்கொண்டே இலக்கியா கோட்டுக்குக் கையை நீட்டி விழுந்தாள். கை கோட்டைத் தாண்டியது. மைதானம் கிழிந்துவிடும் போலக் கத்தினார்கள்.

நான் விசில் ஊதிவிட்டிருந்தேன். கை தாண்டுவதற்கு முன்பே.

பாட்டு நின்றுவிட்டது. இடுப்பில் பிடி விழுந்ததும் ஒரு மூச்சு வாங்கினாள். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அவுட் என்று கையை உயர்த்தினேன்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்கு மிஷின் தேவையில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. "செவிட்டு ரெஃப்ரி" என்று யாரோ கத்தினார்கள், ரொம்பத் தெளிவாகக் கேட்டது. பயிற்சியாளர் களத்துக்குள் ஓடி வந்தார். ஆரோக்கியராஜின் பக்கம்தான் கூட்டம் அதிகம். அவர் காதைக் காட்டி, எனக்குக் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான், நானும் என் காதும் மட்டும்தான். காத்தமுத்து மேடையிலிருந்து எழுந்தார். நவம்பரில் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபோது இருந்த அதே பார்வையை அவர் கண்ணில் பார்த்தேன்.

இலக்கியா இன்னும் மண்ணில் கிடந்தாள். மெதுவாக எழுந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டாள். பிறகு, ஊர் பார்க்க, கையை உயரத் தூக்கினாள். அவுட்டானதை ஒத்துக்கொள்கிற ஆட்டக்காரி தூக்குவது போல. தூக்கிய கையோடு நடந்து கோட்டுக்கு வெளியே போனாள். பயிற்சியாளர் பாதியில் நின்றுவிட்டார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

பரிசளிப்பு முடிந்து நான் தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். வந்தாள். கண் சிவந்திருந்தது. தண்ணீர் மோந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"எந்த எடத்துல டீச்சர் விட்டேன்?"

"இடுப்புல பிடி விழுந்துச்சுல்ல, அப்ப. ஒரு மூச்சு."

"ஆமா" என்றாள். "சின்ன மூச்சுதான். யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்."

சொம்பைத் திருப்பி வைத்தாள். போகவில்லை.

"நவம்பர்ல நான் விடல டீச்சர். ரெண்டு தடவையும்."

"தெரியும்மா. நீ விடல. எனக்குத்தான் கேக்கல. ஒனக்குப் பச்சை அட்டை வேற காட்டினேன்."

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.  சொம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதுவும் கேட்டது.

"ஏப்ரல்ல திருத்துறைப்பூண்டியில ஆட்டம் இருக்கு" என்றாள். "நீங்கதானே டீச்சர் நிப்பீங்க?"

"வேற யாரு நிப்பா?" என்றேன்.